ஆட்டுக்கு இடம் பார்த்தால்தான் ஆள் வரும்



மலருக்கு நம் கூட்டமைப்பின் வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். கணக்குப் புத்தகம் எழுதுகிறவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது. எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் என்பதெல்லாம் வேறு பக்கத்தில் அட்டவணையாக வருகிறது. அட்டவணையில் வராத ஒன்றை நான் எழுதுகிறேன். நம் ஊர் மலையடித் தெரு எப்படி உண்டாச்சு, அங்கே இருக்கிற வீடுகள் எதை வைத்துப் பிழைத்தன, 2024-ல் பெஞ்சல் புயல் வந்த ராத்திரி என்ன நடந்தது, அதுக்கப்புறம் நாம் என்ன தீர்மானம் போட்டோம் என்பதுதான் அது. நானும் அந்தத் தெருக்காரிதான். அதனால் என் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் பஸ் ஏறி செஞ்சி பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். செஞ்சி நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் வரும். யாரோ மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். செஞ்சிக் கோட்டையே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையை வளைத்துக் கட்டியதுதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தக் கல்லைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அதே கல் நம்ம வூட்டுக்குப் பின்னால நின்னா அதுக்குப் பேர் வேற.

மலையடியில் யாரும் ஆசைப்பட்டு வீடு கட்டவில்லை. நான் கல்யாணம் ஆகி வந்தபோது அந்தத் தெருவில் ஐந்து வீடுதான். ஊருக்குள் நிலம் இருப்பவர்களுக்கு ஊருக்குள் வீடு. எங்களுக்கு நிலம் கிடையாது. மாமனார் கல்லுடைக்கிற வேலைக்கு வந்தவர். வேலை மலைப்பக்கம் இருந்தது. அதனால் குடிசையும் அங்கேயே போட்டார். புறம்போக்கு என்பதால் யாரும் கேட்கவில்லை. ஆண்கள் கல் பிளப்பார்கள், பெண்கள் நிழலுக்கு ஓலைத் தட்டி கட்டிக்கொண்டு ஜல்லி உடைப்போம். கிரஷர் மெஷின் வந்த பிறகு கையால் உடைக்கிற ஜல்லிக்கு வேலை போய்விட்டது. ஆனால் வீடு அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் பெரிசாகிப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வீடு போட்டார்கள். அஞ்சு பதினொண்ணாச்சு.

சரிவான இடத்தில் வீடு போடுவதென்றால் சும்மா முடியாது. பின்பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் நிரப்பி, தளம் சமமாக்க வேண்டும். நாங்களும் அப்படித்தான் செய்தோம். வெட்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மண்சுவர் மாதிரி நின்றது. அதை ஒட்டியே ஆட்டுக் கொட்டகை போட்டோம். ஒரு பக்கச் சுவர் மிச்சம் என்று அப்போது சந்தோஷம்.

இனி குழு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்தவை. அடுத்த சுற்றில் வந்த மாவட்டங்களில் நம்ம தென்னாற்காடும் ஒன்று. அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் இல்லை. 1993 செப்டம்பர் 30-ல்தான் பிரிந்தது. எங்கள் தெருவில் குழு வந்தது அதற்கும் சில வருஷம் கழித்து, மகளிர் திட்டம் எல்லா ஊருக்கும் பரவியபோது. முதல் தீர்மானப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் கரையான் தின்றிருக்கிறது. அதில் உள்கடன் பக்கத்தைப் புரட்டினால் முதல் ரெண்டு வருஷமும் ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூட பீஸ், மஞ்சள் நீராட்டு, அடகு மீட்க என்றுதான் இருக்கும். மூன்றாவது வருஷத்திலிருந்து “ஆடு வாங்க” என்ற வார்த்தை வருகிறது. பிறகு பக்கம் பக்கமாக அதுதான்.

ஏன் ஆடு? நிலம் இல்லாதவளுக்கு வேறு எது? மாட்டுக்குத் தீனி வேண்டும், கொல்லை வேண்டும். ஆட்டுக்கு மலை இருக்கிறது. காலையில் ஓட்டிவிட்டால் சாயங்காலம் வயிறு நிரம்பி வரும். அவசரம் என்றால் ஒரு குட்டியை விற்றுவிடலாம். பேங்கில் இருக்கிற பணத்தை எடுக்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஆடு அப்படி இல்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு ஆடுதான் நகை, ஆடுதான் பாஸ்புக். மலை எங்களுக்குச் சோறு போட்டது என்று சொன்னால் அது பொய் இல்லை. கல் வேலை போன பிறகும் நாங்கள் அந்த இடத்தை விட்டு நகராததற்குக் காரணமும் அதுதான்.

புயல் நமக்குப் புதுசு இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அது காற்றுப் புயல். எங்கள் தெருவில் ஓலைக் கூரை எல்லாம் பறந்தது. ஆனால் அதிகமாக அழுதவர்கள் கடலூர் மாவட்டத்து முந்திரிக்காட்டுப் பெண்கள்தான். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துவிட்டன. பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் முந்திரி உடைக்கிற வேலைக்குப் போனவள். மரம் திரும்பக் காய்க்கும்வரை அந்த வேலை இல்லை. அப்போது நான் மனசில் ஒரு கணக்குப் போட்டேன். நெல் போனால் ஒரு போகம். மணிலா போனால் நாலு மாசம். ஆடு போனால், ஒரு தாய் ஆடாவது மிஞ்சினால், ரெண்டு வருஷத்தில் தேறலாம். மரம் போனால் பிள்ளை வளர்கிற காலம். அதனால் ஆடுதான் நல்லது என்று எனக்கு ரொம்ப தைரியம் வந்துவிட்டது. அந்த தைரியம்தான் 2024-ல் என்னை வீட்டோடு கட்டிப்போட்டது.

2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையேறியது. ஊர் ஏரி நிரம்பியது. எங்களுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகாமல் போவதும் ஒரு கெடுதல்தான்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. பெஞ்சல் புயல் ராத்திரி பத்தரை மணி வாக்கில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறின புயல் மேற்கே போய்க் கரைந்துவிடும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இது போகவில்லை. கரையேறின இடத்திலேயே பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் காலை வரையான ஒரு நாளில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை, திண்டிவனத்தில் 37. நம் மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சுமார் 100 சென்டிமீட்டர்தான். அதில் பாதி மயிலத்தில் ஒரே நாளில் இறங்கியது.

அன்று சாயங்காலம் கூட்டமைப்புத் தலைவி அக்கா போன் செய்தார். “மலையடித் தெருவுல எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. சமையலுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு.” நான் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஆறு வீடு கிளம்பியது. ஐந்து வீடு கிளம்பவில்லை. கிளம்பாத ஐந்தும் ஆடு வைத்திருந்த வீடு. அதில் ஒன்று என் வீடு.

எட்டு மணிக்கு அக்கா மறுபடியும் கூப்பிட்டார். “ஏம்மா, நீயே வரலைன்னா நான் யாரைக் கேக்கறது?”

“ஆடு ஏழு இருக்குக்கா. ரெண்டு செனை. ஸ்கூல்ல ஆட்டை விடுவாங்களா?”

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. “விடமாட்டாங்கதான்” என்றார். அவர் மேலும் தப்பு இல்லை. வகுப்பறையில் நூறு பேர் படுக்க வேண்டும். ஆட்டை எங்கே கட்டுவது?

நான் மகளை முன் அறையில் படுக்கவைத்தேன். வீட்டுக்காரர் கொட்டகையில் தண்ணீர் வராமல் வாய்க்கால் கீறிவிட்டார். கரண்ட் அப்போதே போய்விட்டது. மழைச் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்காது. ஆனால் ஒன்று கவனித்தேன். பின்கதவு இறுக்கிக்கொண்டது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று தோளால் இடித்துத் திறந்தேன். கொட்டகைப் பக்கத்து மண்சுவரில் வழக்கமாகத் தெளிவாகக் கசிகிற தண்ணீர் அன்று டீ மாதிரி வந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

விடிவதற்கு முன்னால், மணி தெரியாது, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான், சின்ன வயசிலிருந்து கேட்டது. ஆனால் அந்த நேரத்தில் யார் ஜல்லி கொட்டுவார்கள்? எழுந்து உட்கார்வதற்குள் பின்சுவர் உள்ளே வந்துவிட்டது. மண்ணும் கல்லும் தண்ணீரும் ஒன்றாக அடுப்பு வரைக்கும் வந்து நின்றது. மகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினோம். டார்ச் அடித்துப் பார்த்தால் கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை. நாலு ஆடு மண்ணுக்குள்ளே. செனை ஆடு ரெண்டும் அதில் சேர்த்தி. மீதி மூன்று எப்படியோ அறுத்துக்கொண்டு தெருவில் நின்று கத்தின.

மேலே இருந்த பெரிய கல் வரவில்லை. அது வந்திருந்தால் இதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள், இல்லை எழுதாமலே விட்டிருப்பார்கள். பாட்டி ஒருத்தர் அப்புறம் சொன்னார்: “கல்லு தானா நடக்காதுடி. மண்ணு கூட்டிக்கினு வந்தாத்தான் வரும்.” விஷயம் அதுதான். நம்ம மலைகளில் பாறை மேல் மண் மெல்லிய போர்வை மாதிரித்தான் கிடக்கிறது. மழை அந்த மண்ணில் இறங்கி, பாறைக்கு மேல் போக வழியில்லாமல் ரெண்டுக்கும் நடுவே நிற்கும். மண் கனத்து, அடி வழுக்கி, ஒட்டுமொத்தமாக நகரும். உருண்டைக் கல்லை அண்டக்கொடுத்து நிறுத்தியிருப்பதும் அந்த மண்தான். நாங்கள் வீட்டுக்காகச் சரிவின் காலை வெட்டிவிட்டோம். காலை வெட்டினால் எது நிற்கும்?

செல்போன் செத்துக் கிடந்ததால் வெளியே என்ன நடக்கிறது என்று ரெண்டு நாள் தெரியவில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஆட்டுக்கு அழுதுகொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 1 சாயங்காலம், திருவண்ணாமலையில் அண்ணாமலையார் மலையின் சரிவில் இருக்கிற வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடிவிட்டது. உள்ளே ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படை மோப்ப நாயோடு வந்தும் உடல்களை எடுக்க மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆனது. ஒருத்தரும் உயிரோடு கிடைக்கவில்லை. டிசம்பர் 13-ம் தேதி தீபத்தன்று மலைமேல் ஏற பக்தர்களை விடவில்லை, மண் இன்னும் உறுதியாக இல்லை என்று நிபுணர்கள் சொன்னதால். நம்ம குழுப் பெண்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் பூவும் கடலையும் விற்கப் போகிற ஊர் அது. எத்தனை தடவை அந்த மலையைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். அது சரியும் என்று யார் நினைத்தது?

அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எனக்கு ஆட்டுக்காக அழ வரவில்லை. என் மகளுக்கு அப்போது 12 வயசு.

வெள்ளமும் அதே நாட்களில்தான். சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியற்காலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி, அரசூரில் சென்னை-திருச்சி ரோட்டில் போக்குவரத்தே நின்றது. அதைப் பற்றி ஆற்றோரத்துச் சகோதரிகள் இதே மலரில் எழுதுவதாகச் சொன்னார்கள். நான் மலையோடு நிற்கிறேன்.

மலையடிச் சாவு நம்ம ஊர்ப் பக்கத்துக்குப் புதுசாக இருக்கலாம், தமிழ் ஜனங்களுக்குப் புதுசு இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்து, மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 70 பேர். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன்னால் தேயிலை பறிக்கப் போன குடும்பங்கள் அதில் நிறைய. இலங்கையில் 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டத்தில் லயன்கள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. அங்கே ஆபத்து இருக்கிறது, வேறு இடம் போங்கள் என்று முன்னாடியே சொல்லியிருந்தார்களாம். எங்கே போவது? வீடு தோட்டத்தோடது. வேலையும் தோட்டத்தில்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒன்றுதான். “சொன்னா ஏன் கேக்க மாட்டேங்கறாங்க?” என்று எங்களைப் பார்த்துக் கேட்ட ஆபீசர்களுக்குப் பதில் தேடினேன். பெட்டிமுடியானாலும் மீரியபெத்தையானாலும் எங்கள் தெருவானாலும், வீட்டை அங்கே கொண்டுபோய் வைத்தது பிழைப்பு. ஆபத்து வரும் ராத்திரியில் ஆளை வீட்டோடு பிடித்து வைப்பதும் பிழைப்புதான். டார்ச், கயிறு, மெழுகுவர்த்தி, 1077-க்குப் போன் பண்ணுவது எல்லாம் வேண்டும்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி என்னிடம் டார்ச் இருந்தது. போன் இருந்தது. எச்சரிக்கையும் வந்தது. ஆட்டுக்கு ஓர் இடம்தான் இல்லை.

நிவாரணம் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். இதில் ஏமாந்தவள் நான், நீங்கள் ஏமாறக் கூடாது. அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கார்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. சேதமான குடிசைக்கு 10,000, மாடு செத்தால் 37,500, ஆடு செத்தால் 4,000, கோழிக்கு 100 என்று அறிவித்தார்கள். ஒரு செனை ஆட்டை அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள், ஆனாலும் நாலு ஆட்டுக்கு 16,000. எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஏன் தெரியுமா? நாற்றம் எடுக்கும், வியாதி வரும் என்று பயந்து அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். போட்டோ இல்லை. கால்நடை டாக்டர் பார்க்கவில்லை. கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லவில்லை. செத்த ஆட்டுக்கு என்ன சாட்சி? புதைக்கிறதுக்கு முன்னால் போட்டோ எடுங்கள், உடனே வி.ஏ.ஓ.வுக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் செய்த மாடாக இருந்தால் காதில் இருக்கிற வில்லையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் கேட்டுப் போக முடியாது.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்றார்கள். நம்மில் பல பேர் அது ஏக்கருக்கு என்று நினைத்துச் சண்டை போட்டோம். ஹெக்டேர் என்பது ஏறக்குறைய ரெண்டரை ஏக்கர். ஏக்கருக்கு 7,000-க்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அதுவும் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் பிரீமியம் கட்டியவர்களுக்கு இன்னொன்று. மண்சரிவில் தனி ஒரு வயல் மட்டும் மூடிப்போனாலும் அதற்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குத்தகைக்கு உழுகிறவர்கள் அடங்கலில் தங்கள் பேர் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். மழை வந்த பிறகு அந்த ஆபீசில் நிற்க இடம் இருக்காது.

இதோடு நம் புத்தகத்தில் பதிவான இன்னொரு நஷ்டம். கொட்டகைக்குப் பக்கத்து அலமாரியில்தான் குழுவின் ரெண்டு வருஷக் கணக்குப் புத்தகம் இருந்தது. நனைந்து களியாகிவிட்டது. பேங்கில் ஸ்டேட்மென்ட் வாங்கி, ஒவ்வொரு உறுப்பினர் பாஸ்புக்கையும் வைத்துக்கொண்டு, மூணு மாசம் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அதில் ஒரு உறுப்பினருக்கும் எனக்கும் 600 ரூபாய் விஷயமாகச் சண்டை வந்து, அவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதையும் புயல் சேதத்தில்தான் சேர்க்க வேண்டும்.

2025 பிப்ரவரிக் கூட்டத்தில் நம் கூட்டமைப்பு போட்ட தீர்மானம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத சின்ன வயசுப் பெண்களுக்காக எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மேடான இடத்தில், ஊராட்சியில் அனுமதி வாங்கி, இரும்புக் குழாய் நட்டு ஷீட் போட்டு ஒரு பொதுக் கொட்டகை. மழை நாளில் மலையடித் தெரு ஆடுகளை அங்கே கட்டலாம். தீனிக்கு அகத்தித் தழையும் கடலைக்கொடியும் ஊருக்குள் இருக்கிற குழுக்கள் தருவது. செலவு பாதி நலிவுற்றோர் நிதியிலிருந்து, பாதி குழுக்கள் பங்கு. இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “அவங்க ஆட்டுக்கு நாங்க ஏன் ஷெட்டு போடணும்?” என்று ஒரு குழு கேட்டது. நியாயமான கேள்விதான். தலைவி அக்கா அதற்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. கடன் லெட்ஜரைத் திறந்து வாசித்தார். மலையடித் தெருவின் ஆட்டுக்கடன் பாக்கி எவ்வளவு, ஆடு செத்தால் அந்தக் கடன் யார் தலையில் வரும் என்று. கூட்டுப் பொறுப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பல பேருக்கு விளங்கியது. கையெழுத்து விழுந்தது.

கூடவே இன்னும் சில. குழு ஆவணங்கள் எல்லாம் பிளாஸ்டிக் வாளியில் மூடி போட்டு, கூட்டமைப்பு அலுவலகப் பரணில் வைப்பது. பட்டா நகல், கார்டு, ஆதார், பாஸ்புக், இன்சூரன்ஸ் சீட்டு ஆகியவற்றைப் போட்டோ எடுத்து ரெண்டு பேர் போனில் வைத்திருப்பது. ஐப்பசி பிறந்ததும் செனை இல்லாத ஆட்டில் ஒன்றை விற்று, அந்தப் பணத்தைச் சேமிப்பில் போட்டு வைப்பது, மழை மாசத்தில் கைக்கு உதவும். தெருவில் யார் வீட்டில் கதவு இறுகுகிறது, யார் வீட்டுப் பின்னால் தரையில் வெடிப்பு, எந்த மரம் சாய்ந்திருக்கிறது, ஊற்றுத் தண்ணீர் எங்கே கலங்குகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆளை வைத்தோம். மேலே ஆடு மேய்க்கிற பாட்டிதான் அந்த ஆள். அவரைவிட அந்த மலை யாருக்குத் தெரியும்?

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. அதற்கு முன்பே இலங்கை மலையகத்தை அது புரட்டிப் போட்டிருந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை என்று மண்சரிவுப் படங்கள் எல்லார் போனிலும். நமக்கும் எச்சரிக்கை வந்தது. அந்தத் தடவை பதினொரு வீடும் கிளம்பியது. ஆடு முன்னால், ஆள் பின்னால். மாமியாரை நடக்க வைத்துக் கூட்டிப்போவதுதான் கஷ்டமாக இருந்தது. “அத்தை, ஆடே போயிடுச்சு, நீங்க வாங்க” என்று சொன்னதும் எழுந்துவிட்டார். ரெண்டு ராத்திரி கொட்டகையில் ஆடு, வகுப்பறையில் நாங்கள். எங்கள் ஊரில் பயந்த அளவு மழை இல்லை. மூன்றாம் நாள் திரும்பும்போது முணுமுணுப்பு கேட்டது. “ரெண்டு நாள் கூலி போச்சு.” ஊருக்குள் ஒருத்தர் என்னைப் பார்த்து, “இன்னாம்மா, மலை வந்துச்சா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த தடவை இந்தப் பதினொன்றில் எத்தனை கிளம்பும் என்ற பயம் எனக்கு உண்டு. அதனால் போய்வந்த நாளுக்குக் கூலியில் பாதியாவது கூட்டமைப்பு தர முடியுமா என்று பொதுக்குழுவில் கேட்டிருக்கிறேன். முடிவாகவில்லை. பணம் போதாது என்கிறார்கள், போதாதுதான்.

பெரிய விஷயம் இன்னும் பாக்கி. நாங்கள் அங்கே இருப்பது புறம்போக்கு. பட்டா இல்லாததால் அரசு வீட்டுத் திட்டத்தில் பேர் வராது. வேறு இடத்தில் மனைப்பட்டா கேட்டு பதினொரு வீடும் மனு கொடுத்திருக்கிறோம். ரெண்டு தடவை அளந்துவிட்டுப் போனார்கள். ஒன்று ஏரிக்கரைப் பக்கம், அது வெள்ளம் வருகிற இடம். மலைக்குப் பயந்து ஏரியில் விழச் சொல்கிறார்களா என்று பெண்கள் வேண்டாம் என்றுவிட்டோம். இன்னொன்று ஊருக்கு மேற்கே, நல்ல இடம், ஆனால் மலைக்கு ரொம்ப தூரம். ஆட்டை எங்கே மேய்ப்பது என்று நாலு வீடு இன்னும் சம்மதிக்கவில்லை. நான் சம்மதித்துவிட்டேன். வீட்டுக்காரர் இன்னும் யோசிக்கிறார்.

பின்சுவரை நாங்கள் திரும்பக் கட்டவில்லை. அந்த இடத்தில் தகரம் அடித்திருக்கிறோம், முன் அறையில் மட்டும் படுக்கிறோம். தப்பித்த மூன்று ஆட்டில் ஒன்று போன மாசம் ரெண்டு குட்டி போட்டது. வர்ற ஐப்பசிக்கு முன்னால் கொட்டகைக்கு இன்னொரு ஷீட் வேண்டும். அதற்கான பங்குத்தொகை ஏழு குழுவிலிருந்து வந்துவிட்டது. மீதிக் குழுக்கள் அடுத்த மாசக் கூட்டத்தில் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும்போது பாஸ்புக்கையும் எடுத்து வாருங்கள், நான் அன்றைக்கே பதிந்து தந்துவிடுகிறேன்.